வெள்ளவத்தையில் ஒரு பக்கி: பீட்டில் அடித்தட்டு வேலைக் குறிப்புகள்

11 ஜனவரி 2025, சனி

பக்கி செய்வதற்காகப் பழைய வோல்க்ஸ்வாகன் 1300 பீட்டில் கார் வந்து இறங்கியது. கதவுக்குக் கீழே விரலால் அழுத்தினாலே கறள் கொட்டுகிறது. அதனால்தான் இந்த விலைக்குக் கிடைத்தது. மேல்கூடு எப்படியும் கழிவுதான். பக்கி என்பது குறுக்கிய பீட்டில் அடித்தட்டில் பைபர் கூடு பூட்டிய திறந்த சிறு வண்டி. அதற்கு வேண்டியது அடித்தட்டு, முன் அச்சு, கியர் பெட்டி, எஞ்சின்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: 1302, 1303 மாதிரிப் பீட்டில்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அவற்றில் முன் ஷொக் அப்சோபரின் தலை மேல்கூட்டுத் தகட்டில் பூட்டப்பட்டிருக்கும். கூட்டைத் தூக்கிய பிறகு அதைப் பிடிக்க எதுவும் இருக்காது. இரண்டு குறுக்குக் குழாய் உள்ள பழைய முன் அச்சு உள்ளதாகப் பாருங்கள்.

செசி இலக்கம் பின் சீட்டுக்குக் கீழே, டனலின் (அடித்தட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேடான குழல்) மேல் குத்தியிருக்கும். கறளைச் சுரண்டி, வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும். உடல் வகையும் நிறையும் மாறப் போகின்றன. ஆகவே கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பே நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

18 ஜனவரி, சனி

கூடு கழன்றது. ஓரம் முழுக்க 13 மில்லி தலை போல்ட், பின் ஷொக் அப்சோபர் தாங்கியருகே 17. ஓரத்துப் போல்ட் பாதிக்கு மேல் ஸ்பனருக்கு மசியவில்லை, தலையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தூக்குவதற்கு முன் கழற்ற வேண்டியவை: ஸ்டியரிங் தண்டு, பெற்றோல் ஹோஸ், பிரேக் எண்ணெய்க் குழாய், முன் சக்கர மூடியிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், வயர்கள். ஒன்று மறந்தாலும் தூக்கும்போது அது இழுபட்டு அறுந்துவிடும்.

டாங்கியை அன்றைக்கே வெளியே எடுத்தாயிற்று. டனலுக்குள் ஓடும் பெற்றோல் குழாயைக் காற்றடித்துக் காய வைத்திருக்கிறோம். வெட்டும் நாளில் பொறி பறக்கப் போவது அந்தக் குழாயின் மேல்தான்.

25 ஜனவரி, சனி

சுத்தியலால் தட்டிப் பார்க்கும் நாள். பற்றரி இருந்த மூலை வழக்கம்போல ஓட்டை. அமிலம் சிந்தும் இடம் அது, பழைய பீட்டில் எதிலும் முதலில் போவது அந்த மூலைதான். டனலும், முன் அச்சு பூட்டும் முன்தலையும் கணீரென்று சத்தம் கொடுக்கின்றன. அவை போயிருந்தால் இந்த வேலையைத் தொடர்வதில் அர்த்தமில்லை.

கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. தேய்த்து மினுக்கிய இரும்பு விடிவதற்குள் மஞ்சளாகிவிடும். தேய்த்த அன்றே துத்தநாக பிரைமர் ஒரு பூச்சு, வெல்டிங் போட வேண்டிய விளிம்பு மட்டும் வெறுமையாக.

1 பெப்ரவரி, சனி

இன்று முழுக்க அளவு.

பீட்டிலின் முன்-பின் சக்கர இடைவெளி 2,400 மில்லிமீற்றர். கைவசம் உள்ள பைபர் கூட்டின் சக்கர வளைவுகளை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 2,040. எடுக்க வேண்டியது 360. புரூஸ் மேயர்ஸ் 1964இல் கலிபோர்னியாவில் செய்த மேன்க்ஸ் என்ற பக்கிக் கூட்டின் வழிவந்தது இந்த வடிவம். முதலில் செய்த சிலவற்றுக்கு அடித்தட்டே கிடையாது, பிறகுதான் குறுக்கிய பீட்டில் அடித்தட்டுக்கு மாறினார். அடித்தட்டில் 14¼ அங்குலம் (ஏறக்குறைய 362 மில்லிமீற்றர்) எடுக்க வேண்டும் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. ஆனால் நகல் கூடுகளின் அளவு வார்ப்பு அச்சுக்கு அச்சு மாறும். உங்கள் கூட்டை அளக்காமல் யார் சொன்ன இலக்கத்தையும் நம்பி வெட்ட வேண்டாம்.

பழைய சோனகத் தெருவில் வாங்கிய 75×50 பொக்ஸ் பார் இரண்டு, தரையில் மட்டம் பார்த்துத் தண்டவாளமாகப் பதித்தாயிற்று. அடித்தட்டு அதன் மேல். முன் அச்சின் இடது முனையிலிருந்து பின் டோர்ஷன் குழாயின் (பின் ஸ்பிரிங்கான முறுக்குக் கம்பிகள் உள்ள குறுக்குக் குழாய்) வலது முனைக்கு ஒரு அளவு, மறுபக்கத்திலும் அதேபோல் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. வெட்டுவதற்கு முன்பே வித்தியாசம் இருந்தால் வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது.

8 பெப்ரவரி, சனி

வெட்டு. ஹேண்ட் பிரேக்குக்குப் பின்னால், செசி இலக்கத்துக்கு நன்றாக முன்னால். தரைத்தகட்டில் குறுக்கே ஒரே நேர்கோடாக வெட்டினால் ஒட்டு முழுவதும் ஒரே இடத்தில் விழும், வளைக்கும் சுமையும் அங்கேயே வரும். அதனால் தரையில் சரிவாகவும், டனலில் அதிலிருந்து ஒரு கையளவு தள்ளியும் வெட்டு.

டனலைத் திறந்தால் உள்ளே குழாய்கள்: கிளச் கேபிளுக்கு ஒன்று, எக்ஸிலரேட்டருக்கு ஒன்று, ஹீட்டருக்கு இரண்டு, பெற்றோல் குழாய். கேபிள் குழாய்களை வெட்டிய இடத்தில் ஒரு அளவு பெரிய குழாயை உறையாகப் போட்டு, உள்ளே நேரான கம்பி ஒன்றைச் செருகி, பித்தளை ஒட்டு வைத்தோம். மிக் (வயர் வெல்டிங்) வைத்தால் மெல்லிய குழாய் உருகி உட்பக்கம் முள்ளாகத் துருத்தும். அந்த முள் கிளச் கேபிளை இழை இழையாக அறுத்துவிடும். கிளச் குழாயை டனலின் பக்கத்தோடு பிடிக்கும் இடத்தையும் இப்போதே பலப்படுத்த வேண்டும், மூடிய பிறகு கை போகாது. பெற்றோல் குழாயைத் திரும்பப் பாவிக்கவில்லை. புதியது வெளியே ஓடும்.

பின்பாதியைத் தண்டவாளத்தில் தள்ளிச் சேர்த்து, மூலைவிட்டம் மறுபடி பார்த்து, டனலில் மட்டும் புள்ளி ஒட்டு. திரும்ப அளவு. பிறகு 0.8 மில்லி வயரில் 25 மில்லி நீளத்துக்கு ஓர் ஒட்டு, எதிர்ப்பக்கம் ஒன்று, ஆற விட்டு அடுத்தது. ஒரே இழுவையில் போட்டால் தகடு அப்பளமாக நெளியும்.

12 பெப்ரவரி, புதன், நவம் போயா (பௌர்ணமி விடுமுறை)

கடைகள் பூட்டு. கிரைண்டர் போட்டால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும், ஆகவே ஓசையில்லாத வேலை: கியர் நெம்பிலிருந்து பெட்டிக்கு டனலுக்குள் ஓடும் கியர் தண்டு.

தண்டையும் அதே 360 குறைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் நீளவாக்கில் முனை முதல் முனை வரை ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். முன் குமிழ்க்கிண்ணமும் பின் கப்ளிங்கும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதை அந்தக் கோடுதான் காப்பாற்றும். கொஞ்சம் முறுகினாலும் ரிவேர்ஸ் விழாது, அல்லது இரண்டாம் கியரைத் தேடி அலைய வேண்டும். உள்ளே இறுக்கமாகப் போகும் துண்டை லேத்தில் கடைய வேண்டும். ஒட்டு நாளைக்கு.

22 பெப்ரவரி, சனி

பீட்டிலின் உறுதியில் பெரும்பகுதி மேல்கூட்டின் அடியில் ஓடும் ஹீட்டர் சட்டத்தில் இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டோம். பைபர் கூடு எதையும் தாங்காது. ஓரங்களில் 50×50×3 பொக்ஸ் பார், முன்னும் பின்னும் குறுக்கு, ரோல் பாரின் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் வளைவுக் குழாய்) கால்கள் அந்தச் சட்டத்தின் மேல். ரோல் பாரைப் பைபரில் பூட்டுவது அலங்காரம் மட்டுமே.

8 மார்ச், சனி

பீட்டில் 800 கிலோவுக்கு மேல். பக்கி அதைவிட நன்றாகக் குறைவு. பழைய ஸ்பிரிங் அப்படியே இருந்தால் பின்பக்கம் எழும்பி, சக்கரங்களின் அடி உள்ளே ஒடுங்கி நிற்கும். வளைவில் அது ஆபத்து.

ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பாரின் (முறுக்குக் கம்பி) உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் 9 பாகை, வெளியே ஒரு பல் 8 பாகை 11 கலை (60 கலை ஒரு பாகை). உள்ளே ஒன்று ஒரு பக்கம், வெளியே ஒன்று எதிர்ப்பக்கம் நகர்த்தினால் ஒரு பாகைக்கும் குறைவான மாற்றம் கிடைக்கும். இரு பக்கமும் கோணமானி வைத்து ஒரே அளவு. ஸ்பிரிங் தட்டு நிறுத்தியை விட்டு விலகும்போது சுமையோடு கீழே அடிக்கும். ஜாக்கும் சங்கிலியும் இல்லாமல் தொட வேண்டாம்.

15 மார்ச், சனி

கூட்டில் வெடிப்பு. வெடிப்பின் இரு பக்கமும் தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, சதுர மீற்றருக்கு 450 கிராம் கண்ணாடியிழைப் பாய் மூன்று அடுக்கு. பாயின் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின், ஹார்ட்னர் 1 சதவீதம். கொழும்பு வெயிலில் 2 சதவீதம் போட்டால் தூரிகை வைப்பதற்குள் கோப்பையிலேயே இறுகும். ரெசின் இறுகுவதைத் துரிதப்படுத்தும் கோபோல்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே தட்டில்கூட வைக்காதீர்கள்.

22 மார்ச், சனி

பிரேக் குழாய். பஞ்சிகாவத்தையில் வளைத்து வைத்த ஜப்பான் குழாய் தாராளமாகக் கிடைக்கும், மரை அதே M10×1, பூட்டவும் பூட்டும். ஆனால் முனை இரட்டை மடிப்பு. வோல்க்ஸ்வாகனுக்கு வேண்டியது குமிழ் முனை. எவ்வளவு இறுக்கினாலும் எண்ணெய் கசியும். 4.75 மில்லி குழாயை நீளத்துக்கு வாங்கி, குமிழ் அச்சில் முனை அடித்துக்கொள்வதே வழி.

5 ஏப்ரல், சனி

எஞ்சின் ஏறியது. எண்ணெய் 2.5 லீற்றர், வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மில்லி. பக்கியில் எஞ்சின் வெளியே தெரிவது அழகுதான், அதற்காகச் சுற்றுத் தகடுகளைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. அந்தத் தகடுகள்தான் சூடான காற்று மறுபடி விசிறிக்குள் போகாமல் தடுக்கின்றன. காலி வீதி நெரிசலில் அவை இல்லாமல் நின்றால் முதலில் வேகுவது மூன்றாம் சிலிண்டர். எல்லாத் தகடும் பூட்டி, ஓரத்து இடைவெளிக்கு றப்பர்.

விளக்குகளுக்குப் பைபரில் எர்த் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கறுப்பு வயர், எல்லாம் டனலில் ஒரே போல்ட்டுக்கு. பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில், மேலே கிறீஸ்.