மவுஸை விட்டேன், பெடலை மிதித்தேன்

வார் தண்டர் என்ற போர் விமானக் கணினி விளையாட்டில் ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்று மூன்று முறைகள் இருக்கின்றன. முதல் இரண்டில் மவுஸ் காட்டும் திசைக்கு விமானம் தானாகத் திரும்பிக்கொள்ளும். இறக்கை, வால், சமநிலை எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும். சிமுலேட்டரில் அந்த உதவி கிடையாது. காக்பிட்டுக்குள் இருந்துதான் வெளியே பார்க்க முடியும். எதிரியின் தலைக்கு மேலே சிவப்பில் பெயரும் மிதக்காது.

ரியலிஸ்டிக்கில் ஓரளவு தேறிவிட்டதால் இதுவும் வந்துவிடும் என்றுதான் உள்ளே போனேன். இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை ஏற்றினால், இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டன் விமானமான ஸ்பிட்பயர் இடது பக்கம் இழுத்துக்கொண்டு புல்வெளிக்குள் போய்விடுகிறது. காரணம் மெர்லின் இன்ஜின். அதன் விசிறி, விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். அது தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிச் சுற்றிப் போய் செங்குத்து வாலின் இடது பக்கத்தில் அடிக்கும். வால் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் வரும். த்ராட்டிலை மெதுவாக ஏற்றிக்கொண்டே வலது பெடலை மிதித்தால்தான் நேராக ஓடும். பின்னாளில் வந்த கிரிபன் இன்ஜின் ஸ்பிட்பயரில் விசிறி எதிர்ச்சுற்று, அதற்கு இடது காலை மிதிக்க வேண்டும். இரண்டையும் மாறி மாறி ஓட்டிய அந்தக் காலத்து விமானிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

என் ஜாய்ஸ்டிக்கில் கைப்பிடியைத் திருகினால் ரட்டர், அதாவது மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் பலகை, வேலை செய்யும். ஆனால் வளைவில் கம்பை இழுக்கும்போது மணிக்கட்டு தன்னாலே திருகிவிடும், விமானமும் கூடவே சறுக்கும். ரட்டருக்கென்று கடையில் விற்கும் பெடல்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சரி, செய்துதான் பார்ப்போமே என்று காகிதத்தில் படம் வரைந்துகொண்டு பேட்டையில் தெரிந்த வெல்டிங் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன்.

“தம்பி, இத மிதிச்சா என்ன ஆவும்?”

“விமானத்தோட மூக்கு சைடுல திரும்பும் அண்ணாச்சி.”

“அப்பம் கையில இருக்க கம்பு எதுக்கு?”

“அது எறக்கைய சாய்க்கதுக்கு.”

“காலும் கையும் சேந்து வேல பாக்கணும்னு சொல்லுத. அப்பம் ஸ்பிரிங்கு லேசா இருக்கணும்டே. இறுக்கமா வச்சா நீ பொத்துனாப்ல மிதிக்க முடியாது.”

விமானமே ஓட்டாதவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. ரட்டரில் நமக்கு வேண்டியது பெரிய மிதி இல்லை, விரல் அழுத்துகிற அளவு சின்னச் சின்னத் திருத்தம்தான். சதுர இரும்புக் குழாயில் ஒரு சட்டம், நடுவில் பேரிங் வைத்த அச்சு, அதன் மேல் குறுக்குக் கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் பெடல். ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே வரும். அச்சின் அடியில் சிறு காந்தம், அதற்கு எதிரே காந்தத்தின் நகர்வை உணரும் 49இ ஹால் சென்சார். சென்சார் வயர் ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ என்ற குட்டிக் கணினி போர்டுக்குப் போகிறது. அதிலிருக்கும் ஏடிமெகா 32யு4 சிப் யுஎஸ்பியில் நேராக ஜாய்ஸ்டிக்காகவே தன்னைக் காட்டிக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. ரேடியோ வால்யூம் பட்டனில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரையும் போடலாம், ஆனால் அது உரசித் தேயும், தூசி சேர்ந்தால் அளவு துள்ளும். எங்கள் ஊர்த் தூசிக்குக் காந்தம்தான் லாயக்கு. மொசைக் தரையில் மொத்தச் சட்டமும் வழுக்கிக்கொண்டு போனது. கயிறு போட்டு நாற்காலிக் காலோடு கட்டிவிட்டேன்.

பெடல் வந்த பிறகு உடனே சண்டைக்குப் போகவில்லை. டிசிஎஸ் வேர்ல்டு என்ற இன்னொரு விமான சிமுலேட்டரில் டிஎப்-51டி இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்க முஸ்டாங் போர் விமானத்தின் இரண்டு இருக்கை வடிவம், துப்பாக்கி கிடையாது. சுட முடியாது என்பதே பெரிய வசதி, ஓட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. காகசஸ் மேப்பில் படுமி ஓடுதளத்தில் ஏறுவதும் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதுமாகவே பல மாலைகள் போயின. ஏறுவதற்கு முன் ரட்டர் டிரிம்மை (பெடலை மிதிக்காமலே ரட்டரை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் அமைப்பு) வலப்பக்கம் 6 டிகிரி வைக்க வேண்டும். கம்பைப் பின்னால் இழுத்து வைத்திருக்கும் வரை வால் சக்கரம் ரட்டரோடு பூட்டியிருக்கும், முன்னே தள்ளினால் கழன்று இஷ்டத்துக்குச் சுழலும். இது தெரியாமல் எத்தனை பேர் இந்த விமானத்தைத் திட்டியிருப்பார்களோ.

அப்புறம் காற்று. டிசிஎஸ் மிஷன் எடிட்டரில் காற்றின் திசையையும் வேகத்தையும் உயரத்துக்கு உயரம் தனியாகக் கொடுக்கலாம். ஓடுதளத்துக்குக் குறுக்கே காற்றை வைத்துப் பழகினேன். ஆனி ஆடியில் பாளையங்கோட்டையிலிருந்து கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலையில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்தச் சங்கதி சொல்லாமலே புரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பக்கவாட்டில் அடிக்க, வண்டியை மேற்கே சாய்த்தபடிதான் நேராகப் போக முடியும். ஒரு லாரி வந்து காற்றை மறைத்தால் சட்டென்று நிமிர்த்த வேண்டும். விமானத்திலும் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கப் பெடலால் மூக்கை ஓடுதளத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டபின்பும் கால் சும்மா இருக்கக் கூடாது. வால் சக்கர விமானம் வேகம் குறையக் குறையக் காற்றைப் பார்த்துத் திரும்பப் பார்க்கும்.

இதே ஆடிக் காற்றில் வீட்டில் கரண்ட் போவதும் வழக்கம். யுபிஎஸ் தாங்குவது கொஞ்ச நேரம்தான் என்பதால் போனதுமே இறங்கிவிடப் பழகியிருக்கிறேன்.

வளைவுகளில் சுழன்று விழுவது குறைய ஒரு கணக்கு உதவியது. 60 டிகிரி சாய்ந்து உயரம் மாறாமல் வளைந்தால் 2 ஜி, அதாவது எடை இரண்டு மடங்கானது போல. அப்போது ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்காமல் கைவிடும் வேகம், ஏறக்குறைய 1.4 மடங்கு. 4 ஜி இழுத்தால் இரண்டு மடங்கு. நேராகப் பறக்கையில் 120 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் 4 ஜி வளைவில் 240லேயே கைவிட்டுவிடும். காக்பிட் அதிர ஆரம்பித்ததும் கம்பைத் துளி தளர்த்தினால் போதும். மீறிச் சுழன்றுவிட்டால் த்ராட்டிலைக் குறைத்து, சுழற்சிக்கு எதிர்ப் பெடலை முழுக்க மிதித்து, கம்பை முன்னே தள்ள வேண்டும்.

தலையைத் திருப்பினால் பார்வையும் திரும்புவதற்கு ஓபன்டிராக் என்ற இலவச மென்பொருளும் சாதாரண வெப்கேமும் போதும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகுதான் வார் தண்டருக்குத் திரும்பினேன். ஸ்பிட்பயர் எம்கே 1. கடலுக்கு மேலே, எனக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. பெயர்ப்பலகை இல்லாத ஊரில் நம்மாளையே சுட்டுவிடக் கூடாதே என்று சூரியனை முதுகுக்கு வைத்துச் சுற்றிக்கொண்டு நெருங்கினேன். இறக்கை நுனி கத்தரித்தது மாதிரி சதுரமாக இருந்தது. ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 இ. நான் வருவதைப் பார்த்ததும் அவன் மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினான். நானும் அமுக்க, இன்ஜின் இருமி நின்று மறுபடி பிடித்தது. 1940இல் பிரிட்டன் விமானிகளுக்கு நிஜமாகவே இருந்த தொல்லை இது. மூக்கை அமுக்கும்போது வரும் எதிர் ஜியில் மெர்லினின் கார்புரேட்டருக்குள் எரிபொருள் தாறுமாறாகிவிடும், ஜெர்மன் டைம்லர் இன்ஜினிலோ நேரடி ஊசிப் பாய்ச்சல், அதற்குக் கவலையில்லை. 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் எரிபொருள் பாதையில் ஓட்டை போட்ட சின்ன உலோகத் தடுப்பு ஒன்றை வைத்து இதைப் பெருமளவு அடக்கினார். அதற்கு முன்பு விமானிகள் செய்ததையே நானும் செய்தேன்: பாதி உருண்டு தலைகீழாகி, கம்பை இழுத்தபடி அவன் பின்னால் பாய்ந்தேன். ஜி நேர் திசையிலேயே இருப்பதால் இன்ஜின் இருமாது.

இரு இறக்கைகளின் துப்பாக்கிக் குண்டுகளும் ஒரே இடத்தில் குவியும் தூரத்தை 230 மீட்டருக்கு வைத்திருந்தேன். அந்தப் போரில் பல படையணிகள் 250 கெஜத்துக்கு மாற்றிக்கொண்டதைப் பின்பற்றித்தான். சறுக்காமல் இருக்கக் காலால் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு நீள அழுத்தம். அவன் ரேடியேட்டரிலிருந்து வெள்ளைக் கோடு நீண்டது. துரத்தலாம்தான், ஆனால் உயரம் போயிருந்தது, வேகமும் இல்லை. விட்டுவிட்டுத் திரும்பினேன். ஸ்பிட்பயரின் நீள மூக்கு ஓடுதளத்தை மறைக்கும் என்பதால் வளைந்தபடியே வந்து கடைசியில் நேராக்கி இறக்கினேன். ரியலிஸ்டிக்கில் வீழ்த்திய அத்தனை விமானங்களையும் விட, வீழ்த்தாமல் விட்ட இதில்தான் எனக்குத் திருப்தி.

அடுத்தது பிரேக். இப்போது ஜாய்ஸ்டிக் பட்டனில் இருப்பதால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் பிடிக்கிறது. பெடலின் நுனியை அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கிற மாதிரி வேண்டும். போர்டில் இன்னும் இரண்டு சென்சாருக்கு இடம் இருக்கிறது. அண்ணாச்சி படம் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை அளவு போட்டு.