லினக்ஸ் அட்மின் பயிற்சி: ரீபூட் போட்டுப் பாருங்கள்

லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட் சர்வர் நிர்வாகிகளுக்கு நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ சான்றிதழ் தேர்வில், நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினும் செய்து முடிக்க வேண்டிய வேலைப் பட்டியலும் தருவார்கள். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. செய்ததெல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் யாரும் கைவைக்காமல் அப்படியே நிற்க வேண்டும் என்பது விதி. தேர்வு எழுதுகிற எண்ணம் இல்லாதவர்களும் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்வது நல்லது. சர்வர் வேலையில் பாதிச் சிக்கல், நேற்று ஓடியது ரீபூட்டுக்குப் பின் ஓடாததுதான்.

ஆய்வகத்துக்கு 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். கணினிக்குள் கணினி ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸிலோ கேவிஎம்மிலோ இரண்டு மெஷின்கள்: ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க், பிரித்து விளையாட இன்னொரு 10 ஜிபி காலி டிஸ்க். 64 பிட் மெஷினே ஓட மறுத்தால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். இயங்குதளத்துக்கு, ரெட்ஹேட்டின் லினக்ஸுக்கு இணையான இலவச வடிவங்களான அல்மாலினக்ஸ் 9 அல்லது ராக்கி லினக்ஸ் 9. ரெட்ஹேட்டே வேண்டுமென்றால் டெவலப்பர் கணக்கில் 16 மெஷின் வரை இலவசம். கிராஃபிக்ஸ் திரை இல்லாத மினிமல் இன்ஸ்டால் மட்டும் போடுங்கள். மௌஸ் இருந்தால் கை அதைத்தான் தேடும். இன்ஸ்டால் செய்யும்போது, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் வைத்துவிடுங்கள். காரணம் சற்றுக் கீழே. முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது பிறகு திரும்பி வர ஏதுவாக மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு.

முதலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்’ இப்போதைக்கு மட்டும் ஓட்டும், ‘எனேபிள்’ இனி வரும் பூட்டுகளுக்கு மட்டும் பதிவு செய்யும். இரண்டும் வேண்டுமென்றால் ‘எனேபிள் --நவ்’. ஃபயர்வாலில் தவறு இரு பக்கமும் நடக்கும்: ‘--பெர்மனென்ட்’ போடாமல் திறந்த போர்ட் ரீபூட்டில் மூடிக்கொள்ளும், அதைப் போட்டுவிட்டு ‘--ரீலோட்’ கொடுக்க மறந்தால் இப்போது திறக்காது. ஐபி முகவரியை ‘ஐபி’ கட்டளையால் போட்டால் தங்காது, ‘என்எம்சிஎல்ஐ’ வழியாகத்தான் போட வேண்டும்.

அதிகம் பழக வேண்டியது எஃப்எஸ்டேப், அதாவது பூட்டின்போது எந்த டிஸ்க்கை எந்தக் கோப்புறையில் இணைக்க (மவுண்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் கோப்பு. டிஸ்க் பெயர் எஸ்டிபி இன்னொரு நாள் எஸ்டிசி ஆகலாம் என்பதால், மாறாத அடையாள எண்ணான யூயூஐடியைத்தான் எழுதுகிறோம். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் பூட்டில், எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்காரும். அங்கே ரூட் கடவுச்சொல் கேட்கும். ரூட் பூட்டப்பட்டிருந்தால் உள்ளே நுழையவே விடாது. கடவுச்சொல் வைக்கச் சொன்னது இதற்குத்தான். உள்ளே போனதும் ரூட் பகுதி படிக்க மட்டும் என்றிருந்தால் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ கொடுத்து, வரியைத் திருத்தி ரீபூட் செய்யலாம். தெரிந்தே ஒரு தடவை உடைத்து, மீட்டுப் பாருங்கள்.

கோப்பைச் சோதிக்க ‘மவுண்ட் -ஏ’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருப்பதை அது தொடாது. கையால் மவுண்ட் செய்துவிட்டு எஃப்எஸ்டேப்பில் தவறாக எழுதியிருந்தால், பிழை ஏதும் காட்டாமல் அது முடிந்துவிட வாய்ப்பு உண்டு. முதலில் ‘யூமவுண்ட்’, பிறகு ‘மவுண்ட் -ஏ’, பிறகு ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ என்ற வரிசையில் பாருங்கள். ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடமான ஸ்வாப்பையும் ‘மவுண்ட் -ஏ’ கண்டுகொள்ளாது. அதற்கு ‘ஸ்வாப்ஆன் -ஏ’.

டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மில் கணக்கு சின்னது, பிசகு பெரியது. 16 எம்பி எக்ஸ்டென்ட்டில் (இடத்தை அளக்கும் துண்டு) 50 எக்ஸ்டென்ட் அளவுக்கு லாஜிக்கல் வால்யூம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாஜிக்கல் வால்யூம்களுக்கு இடம் தரும் டிஸ்க் தொகுப்பான வால்யூம் குரூப்பை உருவாக்கும்போதே ‘-எஸ் 16எம்’ கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இயல்பான 4 எம்பிதான். அடுத்து ‘எல்விகிரியேட்’டில் சின்ன எல் போட்டு 50 என்றால் 50 எக்ஸ்டென்ட், அதாவது 800 எம்பி. பெரிய எல் போட்டால் வெறும் 50 எம்பி, அதுவும் எக்ஸ்டென்ட் கணக்குக்கு ஏற்ப 64 ஆக உயரும். பெரிதாக்கும்போது ‘எல்விஎக்ஸ்டென்ட்’டுடன் ‘-ஆர்’ சேர்த்தால் ஃபைல்சிஸ்டமும் கூடவே வளரும். சேர்க்காமல் விட்டு, இட அளவைக் காட்டும் ‘டிஎஃப்’பில் அளவு மாறவில்லையே என்று திகைப்பவர்கள் ஏராளம். இங்கே இயல்பான ஃபைல்சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க முடியாது, ஆகவே முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பின்னால் கூட்டுவதே புத்திசாலித்தனம்.

கோப்புகளுக்கு லேபிள் ஒட்டி, எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸைக் கண்டதும் அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகளைக் காதில் வாங்காதீர்கள். ஒரே ஒரு சோதனையில் அதன் போக்கு பிடிபடும். ரூட்டின் ஹோமில் ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பை உருவாக்கி, ‘எம்வி’ கொண்டு வெப் சர்வரான அப்பாச்சியின் டபிள்யூடபிள்யூடபிள்யூ கோப்புறைக்கு நகர்த்துங்கள். அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் பிரவுசரில் 403, அதாவது அனுமதி மறுப்பு, வரும். ‘எல்எஸ் -இசட்’ போட்டால் ‘அட்மின்_ஹோம்_டி’ என்று காட்டும். ‘எம்வி’ பழைய லேபிளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ‘சிபி’ செய்திருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். ‘ரெஸ்டோர்கான் -ஆர்வி’ சரிசெய்துவிடும். வேறு இடத்தில், உதாரணத்துக்கு ‘/வெப்’ என்று, தளம் வைத்தால் முதலில் ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ மூலம் விதியை எழுதி, பிறகுதான் ரெஸ்டோர்கான். ‘சிஹெச்கான்’ உடனே வேலை செய்வதுபோல் தெரியும், அடுத்த ரீலேபிளில் காணாமல் போகும். மினிமல் இன்ஸ்டாலில் செமேனேஜ் இருக்காது. ‘பாலிசிகோர்யூடில்ஸ்-பைத்தான்-யூடில்ஸ்’ என்ற தொகுப்பை நிறுவ வேண்டும்.

லேபிள் விஷயம் ரூட் கடவுச்சொல் மீட்பிலும் வரும். பூட்டின் தொடக்கத்தில் வரும் கிரப் திரையில் ‘இ’ அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து கன்ட்ரோல்-எக்ஸ். ரீமவுண்ட், ‘பாஸ்டபிள்யூடி’, பிறகு ‘டச் /.ஆட்டோரீலேபிள்’. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ கோப்பின் லேபிள் கெட்டு, சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் லாகின் ஆகாது.

இவ்வளவு ரீபூட் செய்துவிட்டு, போன பூட்டில் என்ன நடந்தது என்று பார்க்க ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ கொடுத்தால் ஒன்றும் இருக்காது. இந்த இயங்குதளத்தில் நிகழ்வுப் பதிவேடான ஜர்னல் இயல்பாக ‘/ரன்’னுக்குள், நினைவகத்தில்தான் இருக்கிறது. ‘/வார்/லாக்/ஜர்னல்’ என்ற கோப்புறையை உருவாக்கி ‘ஜர்னல்சிடிஎல் --ஃப்ளஷ்’ கொடுங்கள், அங்கிருந்து பதிவுகள் தங்கும். இதை முதல் ஸ்னாப்ஷாட்டுக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது.