போக ஏழரை, வர ஒன்பதரை

தில்லியிலிருந்து டோக்கியோ வான்வழியாகச் சுமார் 5,850 கிலோமீட்டர். போகும்போது ஏழரை மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வர ஒன்பதரை!

எல்லாம் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றின் வேலை. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 200 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். முன் சீட்டுத் திரையில் போகும்போது வேகம் 1,050. வரும்போது 720-லேயே நொண்டிக்கொண்டிருந்தது. தூக்கம் வராமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் டிக்கெட் வேறு ஏமாற்றிவிட்டது. காலை 11.30 கிளம்பினால் மாலை 5.30 தில்லி என்று போட்டிருந்ததை நம்பி, "ஆறே மணி நேரம்தான்" என்று வீட்டில் அளந்துவிட்டிருந்தேன். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.