625001: மதுரைப் பின்கோட்டின் காரணிகள்

மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 625001. கடைசி இலக்கம் 1, இலக்கங்களின் கூட்டுத்தொகை 14. ஆக 2, 3, 5 எதுவும் வகுக்காது. பார்த்தவுடன் பகா எண் என்றே தோன்றும். ஆனால் இது பகு எண்.

7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் சோதித்துவிடலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கழித்தால் போதும். 625 − 1 = 624 = 13 × 48. அதை 7-ம் 11-ம் வகுக்காது, 13 வகுக்கும். எனவே 625001 = 13 × 48077. இதே முறையில் தெப்பக்குளம் பக்கத்து 625009-ஐப் பாருங்கள்: 625 − 9 = 616 = 7 × 11 × 8. அதனால் 625009 = 7 × 11 × 8117. இதில் 8117 பகா எண்.

இனி 48077. பலர் இங்கேதான் வீணாக உழைக்கிறார்கள். 625001-இன் வர்க்கமூலம் 790-க்குச் சற்று மேல். அதுவரை 138 பகா எண்கள் உண்டு. ஆனால் 13-ஐ வெளியே எடுத்ததும் எல்லை 48077-இன் வர்க்கமூலமான 219-க்கு இறங்கிவிடும். அதுவரை 47 பகா எண்கள்தான். 13-ஐ இன்னொரு முறையும் போட்டுப் பார்க்க வேண்டும் (மீதி 3). பிறகு 17, 19 என்று ஏறினால் 131-இல் மீதியின்றி வகுபடும்: 48077 = 131 × 367. 131-இன் வர்க்கம் 367-ஐவிடப் பெரியது, சிறிய பகா எண்களையெல்லாம் முன்பே சோதித்தாயிற்று. ஆகவே 367 பகா எண்தான்.

625001 = 13 × 131 × 367.

எண்ணை a² − b² என்று எழுதி, a − b, a + b எனக் காரணிகளைப் பிடிப்பது ஃபெர்மாவின் வர்க்க வித்தியாச முறை. அது இந்த எண்ணுக்கு ஒத்துவராது. a-ஐ 791-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றினால் 1035-இல்தான் பலன் கிடைக்கும் (1035² − 668²). அது 245-ஆவது படி. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்கு அருகில் இருந்தால்தான் அந்த முறை வேகமாக முடியும். இங்கே அவை 367-ம் 1703-ம்.

ஃபெர்மா சோதனை என்பது இது: ஒற்றைப்படை எண் p பகா எண்ணானால், 2-இன் (p − 1)-ஆவது அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1 வரும்; வராவிட்டால் p பகு எண். இதைக் கணினியில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2-இன் 625000-ஆவது அடுக்கை 625001-ஆல் வகுத்து மீதி காண 19 முறை வர்க்கம் எடுத்தால் போதும். ஆனால் இடையில் வரும் வர்க்கங்கள் 12 இலக்கம் வரை போகும். 32 பிட் மாறியில் அவை வழிந்து, தவறான மீதி வரும். 64 பிட் எடுங்கள். மீதி 1 வரவே வராது: 13-ஆல் வகுத்தால் அந்த அடுக்கு 3 மீதி தரும்.

திருப்பரங்குன்றத்தின் 625005 இதற்கு நேர்மாறு. 3² × 5 × 17 × 19 × 43 என்று முழுக்கச் சிறு காரணிகளாக உடைந்துவிடுகிறது. என்ன அழகு!

இன்னொரு பொறி: 625001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று நினைக்கத் தோன்றும். அந்த விதி பகா எண்ணுக்குத்தான். பகு எண்ணில், 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வந்தால்தான் அப்படி எழுத முடியும். 131, 367 இரண்டுமே 4-ஆல் வகுக்க மீதி 3 தருபவை, ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வருகிறது. ஆகவே எந்த இரு வர்க்கங்களைக் கூட்டினாலும் 625001 வராது.