நோ நின்ற பிறகும்: கல்லடைப்புக் குறிப்புகள்

ஏப்ரல் 24

சித்திரை வெயில் ஏற ஏறக் கல்லடைப்போடு, அதாவது சிறுநீரகக் கல் சிறுநீர்க் குழாயை அடைத்த நோவோடு, வருபவர்களும் கூடுகிறார்கள். யாழ்ப்பாண வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்பவர்கள் காலையில் ஒரு பிளேன்ரீயோடு இறங்கினால் மத்தியானம் வரை வேறொன்றும் குடிப்பதில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கள்?" என்று கேட்டுப் பெரிய பயனில்லை. குடித்ததில் பெரும்பங்கு வியர்வையாய்ப் போய்விடும். சலம் (சிறுநீர்) எவ்வளவு போகிறது என்பதே கணக்கு. காலை முதற் சலத்தை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதற் சலம் வரை முழுவதையும் போத்தலில் பிடித்து அளக்கலாம். இரண்டரை லீற்றர் வந்தால் நல்லது. தோட்டத்துக்குப் போகிற நாளில்தான் அளக்க வேண்டும். வீட்டில் ஓய்ந்திருக்கும் நாளின் அளவு ஏமாற்றிவிடும். இருதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

மே 3

கல் நோ நாரியில் (இடுப்பின் பின்பக்கம்) தொடங்கிக் கவட்டுக்குள் இறங்கும். ஆள் ஓரிடத்தில் படுக்கமாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். அசையாமல் சுருண்டு கிடப்பவருக்கு வயிற்றுக்குள் வேறு ஏதாவது இருக்கலாம். முதல் மருந்து டைக்ளோஃபெனாக்: ஊசியாக 75 மில்லிகிராம், அல்லது மலவாயில் வைக்கும் மருந்தாக 100 மில்லிகிராம். வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு, கர்ப்பம் இருந்தால் கொடுப்பதில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனை முதலில். அறுபது தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக இப்படி நோ வந்தால், கல் என்று எழுதுவதற்கு முன் வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் இல்லையென்று ஸ்கானில் பார்த்துவிட வேண்டும்.

நோ நேரத்தில் இளநீரும் பார்லித் தண்ணியுமாக லீற்றர் கணக்கில் பருக்குகிறார்கள். தண்ணீர் கல்லைத் தள்ளாது. அடைபட்ட சிறுநீரகம் இன்னும் வீங்கும், சத்தியும் வரும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

மே 12

சலத்தில் இரத்தம் இல்லை என்பதற்காகக் கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் சிறுநீரக வீக்கத்தை நன்றாகக் காட்டும்; சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு இறங்கும் சலக்குழாயின் நடுப்பகுதிக் கல்லைக் குடற்காற்று மறைத்துவிடும். எக்ஸ்றேயில் யூரிக் அமிலக் கல் தெரியாது. சந்தேகம் தீர்க்கும் பரிசோதனை சாயம் ஏற்றாத சிரி (CT) ஸ்கான்.

சலப்பைக்குக் கிட்ட நிற்கும் 4 மில்லிமீற்றர்க் கல்லுக்குக் காத்திருக்கலாம். 5 முதல் 10 வரையுள்ளது குழாயின் கீழ்ப்பகுதியில் நின்றால் குழாயைத் தளர்த்தும் ராம்சுலோசின் குளிசை 0.4 மில்லிகிராம், இராச்சாப்பாட்டுக்குப் பிறகு. எழும்பும்போது தலை சுற்றக்கூடும், மெல்ல எழும்ப வேண்டும். கண்ணில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்ய இருப்பவர் இந்தக் குளிசையைப் பற்றிக் கண் வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். சலத்தைத் தேத்தண்ணி வடியால் வடித்து, அகப்படும் கல்லைக் காயவைத்துக் கொண்டுவந்தால் எந்த வகை என்று பார்க்கலாம்.

மே 30

"நோ போட்டுது, கல்லும் போயிருக்கும்." இந்த ஒரு வார்த்தையால் இழந்துபோகிற சிறுநீரகங்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

நோ வருவது கல் உரசுவதால் மட்டுமல்ல. குழாய் அடைபட்டுச் சலம் தேங்க, மேலே அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்தின் உறை இழுபடுகிறது, அதுதான் அந்த நோ. அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும், வடிக்கும் வேலையும் குறையும். சலம் ஊறுவது குறைந்ததும் அழுத்தம் இறங்கும், நோவும் அடங்கும். கல் அதே இடத்தில்தான் நிற்கும். மற்றச் சிறுநீரகம் வேலையை ஏற்றுக்கொள்வதால் சலம் வழமைபோல் போகும், சிறுநீரக வேலையைக் காட்டும் இரத்த அளவான கிரியேற்றினினும் பெரும்பாலும் சரியாக வரும். வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்ப்பவருக்கும் எல்லாம் சுகமாகத் தெரியும். மாதங்கள் கழித்து ஸ்கான் எடுத்தால் தோல் மட்டும் மிஞ்சிய ஒரு நீர்ப்பை.

அதனால் கல் வடியில் அகப்பட வேண்டும், இல்லையென்றால் ஸ்கானில் இல்லையென்று தெரிய வேண்டும். காத்திருக்கும் எல்லை நான்கு, மிஞ்சினால் ஆறு கிழமை. அதற்குள் போகாத கல்லை எடுத்துவிட வேண்டும்.

யூன் 9

காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்த கல்லடைப்புக்குக் காத்திருத்தல் கிடையாது. அடைபட்ட இடத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி போதியளவு போய்ச் சேராது. சில மணித்தியாலங்களுக்குள் தேங்கிய சலத்தை வெளியே விட வேண்டும்: சலக்குழாயின் உள்ளே டிஜே ஸ்ரென்ற் என்னும் மெல்லிய குழாயை வைத்து, அல்லது முதுகுப்பக்கமாகக் குழாய் போட்டு. அன்றே கல்லை உடைக்கப் போனால் கிருமி இரத்தத்தில் பரவும். நீரிழிவுக்காரர் இன்னும் வேகமாகக் கீழே போவார்.

இங்கே காய்ச்சல் என்றதும் டெங்கு நினைவுக்கு வந்து, பனடோலோடு மூன்று நாள் பார்க்கிறார்கள். கல் இருப்பது தெரிந்தவருக்கு அந்த மூன்று நாள் இல்லை. மறுபக்கமும் உண்டு: கல்லுக்கென்று வாங்கி வைத்த டைக்ளோஃபெனாக் டெங்குக் காய்ச்சலில் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்கு அதைப் போடக்கூடாது.

யூன் 22

கேத்தலில் வெள்ளை படிவதைக் காட்டி, இதுதான் கல்லாகிறது என்கிறார்கள். அந்தப் படிவு சுண்ணக்கற் தரையில் ஊறும் கிணற்றுத் தண்ணீரின் கல்சியம் காபனேற்று. சிறுநீரகத்தில் பெரும்பாலும் உண்டாவது கல்சியம் ஒக்சலேற்று. பயந்து பாலையும் தயிரையும் நிறுத்துவது பிழை. சாப்பாட்டோடு சேரும் கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். குறைக்க வேண்டியது உப்பு, அதாவது கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய். ஒக்சலேற்று கூடிய கச்சானும் பசளியும் அளவோடு. தேசிக்காய்த் தண்ணி நல்லது, உப்புப் போடாமல். பிலிம்பிக்காய்ச் சாறு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஒக்சலேற்று நல்ல சிறுநீரகத்தையே திடீரெனப் பழுதாக்கும். வாழைத்தண்டு ஒக்சலேற்றுக் கல்லைக் கரைக்காது. மருந்தால் கரைவது யூரிக் அமிலக் கல். பொற்றாசியம் சித்திரேற்றால் சலத்தின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6.5க்கும் 7க்கும் இடையில் நிற்க வேண்டும்.

யூலை 5

ஸ்ரென்ற் உள்ளவருக்குச் சலம் கழிக்கும்போது நாரியில் இழுக்கும், வேலை செய்தால் சலம் ரோசாவாகப் போகும். அது பிழையல்ல. கட்டியாய் இரத்தம், காய்ச்சல் இரண்டுக்கும் வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அதன்மேலேயே கல் படிந்து, ஐந்து நிமிடத்தில் இழுத்தெடுப்பதற்குப் பதிலாகப் பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படும். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர் வைத்த திகதி, எந்தப் பக்கம், எடுக்க வேண்டிய திகதி எழுதிய கடிதத்தைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் இருப்பவர் சமையலறைக் கலண்டரில் அந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிடட்டும்.