கன்னியாப் பற்றைக்காடும் போனில் ஒரு நீலப்புள்ளியும்

மாரி முடிந்த கையோடு ஒருநாள் விடிய ஐந்தரைக்கு, திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றுக்கு அங்கால் இருக்கிற பற்றைக்காட்டுக்குள் ஓடப் போனேன். வழமையாக உப்புவெளிக் கடற்கரையிலோ, கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் ரோட்டில் மான்களுக்கு நடுவிலோ ஓடுகிறவன் நான், அங்கே வழி தவறவே முடியாது. காட்டில் மாட்டுத்தடம் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், மழைக்குப் பிறகு புல் மூடி வந்த தடமும் மறைந்துவிடும். போனை எடுத்துப் பார்த்தால் கவரேஜ் இல்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் ஒரு நீலப்புள்ளி.

நல்ல பயம். கொஞ்ச நேரத்தில் மாடு சாய்த்துக்கொண்டு ஒரு ஐயா வந்தார். "தம்பி, அங்கால போகாதீங்க, விடியவே ஆனை நிண்டது" என்று சொல்லி ரோட்டுக்கு வழி காட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது, அந்தப் புள்ளி சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞையைப் போன் வாங்கிக் கணக்குப் பார்க்கிறது, அவ்வளவுதான். டேட்டா தேவைப்பட்டது புள்ளிக்குக் கீழே வரவேண்டிய வரைபடத்துக்கு, அதைத்தான் நான் முன்கூட்டியே இறக்கி வைக்கவில்லை. இப்போது ஓஸ்மாண்ட் செயலியில் இலங்கை வரைபடம் முழுவதும் போனிலேயே இருக்கிறது, ஓடப்போகும் தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக, அதாவது பாதையின் புள்ளிகளை வரிசையாகச் சேமித்த கோப்பாகப் போட்டுக்கொள்கிறேன், தடம் மாறினால் உடனே தெரிந்துவிடும்.

இன்னும் சிலது பட்டுத் தெரிந்தவை. கவரேஜ் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பற்றரியைக் குடிக்கும், அதனால் காட்டுக்குள் ஃபிளைட் மோட். ஆனால் வீட்டுப் படலையடியிலேயே டேட்டாவோடு இடத்தைப் பிடிக்க விட்டுத்தான் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் செய்மதிகளைத் தேடிப் பிடிக்கவே நேரம் போகும். ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்கு மட்டும் பற்றரிச் சிக்கனத்தை நிறுத்தி வையுங்கள். நான் நிறுத்தாமல் ஓடிய ஒருநாள், பாதி ஓட்டம் வரைபடத்தில் ஒரே நேர்கோடாக விழுந்திருந்தது.

ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவுச் செயலியில் ஓட்டத்தைப் பகிர்கிறவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் கட்டாயம் மறையுங்கள், தனியே ஓடும் தங்கைமார் முதலில் இதைச் செய்யுங்கள். அந்த நிறுவனம் 2017இல் வெளியிட்ட, எல்லோருடைய ஓட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் வெப்பவரைபடத்தில் இராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகளே வெளிச்சமாகத் தெரிந்தது, 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. முகாம்கள் நிறைந்த நம் ஊரில் எங்கே ஓடிப் பதிவு செய்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும்.

ஐயா சொன்ன இடத்தைச் செயலியில் சிவப்பாகக் குறித்திருக்கிறேன். என்றாலும் ஆனை நேற்று எங்கே நின்றது, இன்று எங்கே நிற்கிறது என்று எந்த வரைபடமும் சொல்லாது, அவரிடம்தான் கேட்க வேண்டும். போன கிழமை போனபோது ஐயாவையும் காணவில்லை, மாடுகளையும் காணவில்லை. தடம் திரையில் தெளிவாகத்தான் இருந்தது. அப்படியே திரும்பி, உப்புவெளிக்கு வந்து மணலில் ஓடினேன்.