கோட்டுக்கு வெளியே

இன்று மாலை ஏகாம்பரம் மைதானத்தில் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கிக்கொண்டிருந்த முதியவர், தன் பக்கம் உருண்டு வந்த பந்தைக் கண்டதும் வலது காலை அரையடி முன்னே வைத்து, பிறகு மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எனக்குப் பிரேசில் உதைபந்தாட்டக்காரர் மாரியோ சகாலோவின் நினைவு வந்தது.

1950 உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தில், ரியோவின் மரக்கானா அரங்கில் பிரேசில் உருகுவேயிடம் தோற்றபோது, அங்கே காவலுக்கு நின்ற இளம் படைவீரர் அவர். 1958இலும் 1962இலும் வீரராக உலகக் கிண்ணத்தை வென்று, 1970இல் பயிற்றுநராகவும் வென்றபோது, இரு நிலைகளிலும் அதை வென்ற முதல் மனிதரானார்.

ஐக்கிய அரபு அமீரகத்தை 1990 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற வைத்த பயிற்றுநரும் அவரே.

ஆனாலும் என் மனம் 1970இலேயே நிற்கிறது. முன்பு தன்னோடு சேர்ந்து ஆடிய பெலே களத்தில் இருக்க, அவர் கோட்டுக்கு வெளியே நின்றார்.

சிறுவன் பந்தைத் தவறவிட்டான். முதியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னொருக்கா அடி மகன்."